ஐஸ்பெட்டிக் காகிதமும் ஐந்து நாள் கஞ்சியும்

நெத்திலி பொரிகிற வாசம் வந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். இடம் பொருள் பார்க்காத சிரிப்பு. போன மாதம் குருணில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள், மதியம் ஆனால் அடுப்பு மூட்டத்தானே வேண்டும். எண்ணெயில் நெத்திலி விழுந்த சத்தம் சடசடவென்று வேலியைத் தாண்டி வந்தது. பின்னாலேயே வாசமும் வந்தது. நான் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துகொண்டேன். தோள் குலுங்கியது. அருகில் உட்கார்ந்திருந்த அம்மாள் நான் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார். அவர் தடவத் தடவ எனக்கு இன்னும் அதிகமாக வந்தது.

அந்தச் சிரிப்பைத்தான் இன்று உங்களிடம் இறக்கி வைக்கப்போகிறேன்.

கிராமக் கிளினிக்குகளுக்கு நர்ஸாகப் புதிதாக வந்திருக்கிறீர்கள், தங்கைகளே. வயிற்றுப்போக்குக்கான உப்புப் பொட்டலத்தை எவ்வளவு தண்ணீரில் கரைப்பது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நேற்றுத்தான் பரீட்சை எழுதினீர்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஊர் உங்களை 'மிஸி' என்று கூப்பிடத் தொடங்கியிருக்குமே, அதைப் பற்றித்தான் பேசுகிறேன். பாத்திரக் கடையில், பேருந்து நிறுத்தத்தில், கோயில் வாசலில் 'மிஸி, மிஸி' என்று. காதுக்கு இனிக்கும். எனக்கும் இனித்தது. தோட்டத்து லயன்களில் இருந்த காலத்திலிருந்து நம் சனங்கள் வாத்தியார் சொன்னதைக்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் கேட்பார்கள்; மிஸி சொன்னால் யோசிப்பதில்லை. வாயில் வருவது அப்படியே சட்டமாகிவிடும். சட்டம் போடுகிறவளுக்கு ஞாபகசக்தி வேண்டும். அந்த வாரம் எனக்கு அது இல்லை.

புக்கிட் செலம்பாவில் ஒரு வரிசை வீடு. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனைக்கு நடுவே ஒரு தாமான், வீட்டுக் குடியிருப்பு, வந்து, தாமானின் கடைசி வீடு. பின்பக்கம் நின்றால் ஜெராய் மலை துணி காயப்போட்ட மாதிரி மேகத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும். வீட்டில் நான்கு பேர். முருகேசு, செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். அவர் மனைவி தேவி, குருணில் ஒரு கிலாங்கில், ஃபேக்டரியில், வேலை. முருகேசுவின் அக்கா நாகம்மா, கணவரை இழந்து தம்பி வீட்டோடு வந்தவர், ஐம்பதைத் தொட்டவர், பகல் முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர். குழந்தை யாஷினி. ஒன்றே முக்கால் வயது. இரண்டு கன்னமும் அப்போதுதான் அவித்து எடுத்த பாவ் பன் மாதிரி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நம் கெடா மாநிலத்தில் வேலை தொடங்குகிற நாள். யாஷினிக்கு வாந்தி, கூடவே வயிற்றுப்போக்கு என்று கூப்பிட்டார்கள். போனேன். கரண்டி கரண்டியாக உப்புத்தண்ணீர் கொடுத்தேன். கக்கினாள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கொடுத்தேன். மத்தியானத்துக்குள் வாந்தி நின்று, என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெற்றி! நான் கிளம்புகிற நேரம் பார்த்து முருகேசு ஒரு பாட்டில் ஆரஞ்சு வர்ண சோடாவோடு வந்து நின்றார். புள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று வாங்கி வந்தாராம். சீனித் தண்ணீர் வயிற்றுப்போக்கைக் கூட்டும் என்பதை எத்தனை தடவைதான் சொல்வது? நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதினேன்:

'கஞ்சித் தண்ணி. உப்புத் தண்ணி. வேற எதுவும் குடுக்கக் கூடாது. வயிறு சரியாகும் வரைக்கும்.'

'வேற எதுவும்' என்பதன் கீழே இரண்டு கோடு. பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று வரைந்தேன். அந்த முகத்தை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. நான் சொல்ல வந்தது சோடாவை. எழுதியது உலகத்திலுள்ள எல்லாச் சாப்பாட்டையும். வாந்தி நின்ற பிள்ளைக்கு அன்று மாலையே சோறு கொடுக்கலாம், பசித்தால் கொடுக்கவும் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். நாகம்மா அக்கா அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கி, ஐஸ்பெட்டிக் கதவில் முருகன் காந்தத்துக்குக் கீழே ஒட்டினார்.

அடுத்த மூன்று நாட்கள் பள்ளிக்கூடங்களில் தடுப்பூசி. ஒரு ஊசிக்கு ஒரு அலறல் வீதம் காது அடைத்துப்போயிருந்தது. நடுவில் கைப்பேசி 'டிங்' என்னும். தேவி படம் அனுப்பியிருப்பாள். நீங்களும் சீக்கிரமே பார்ப்பீர்கள். மற்றவர்கள் பூ, கோயில், பிறந்தநாள் கேக் என்று வாட்ஸ்அப்பில் வாங்குவார்கள், மிஸிமார்களுக்கு வருவது பேம்பர்ஸ் படம். திறந்த பேம்பர்ஸ். பச்சையாகக் கொஞ்சம், சளிபோல் கொஞ்சம். 'இன்னும் இப்பிடித்தான் போவுது மிஸி. அதே குடுக்கவா?' என்று கேட்டிருந்தாள். உப்புத்தண்ணீரைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, ஒரு கையில் பஞ்சை வைத்துக்கொண்டு மறு கையால் ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்பினேன். திங்கள் ஒரு கட்டைவிரல். செவ்வாய் ஒன்று. புதன் ஒன்று.

வியாழன் காலை படம் வரவில்லை. பன்னிரண்டு மணி வாக்கில் அழைப்பு வந்தது. முருகேசு.

"மிஸி, புள்ள எந்திரிக்கவே மாட்டுது. துணி மாதிரி கெடக்குது. நான் காடிய ஸ்டார்ட் பண்ணிட்டேன்."

வர நான்கு நிமிடம் பொறுங்கள் என்றேன். ஒன்பது நிமிடம் ஆனது. வழியில் மாடுகள். வியாழன் என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளி, சனி நம் கிளினிக் கதவு பூட்டிக் கிடக்கும். எதை முடிவு செய்தாலும் அன்றைக்கே முடிவு செய்ய வேண்டும்.

காடி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் முருகேசு, பின்னிருக்கையில் துணிமூட்டை, வெந்நீர்ப் போத்தல், தலையணை. குழந்தை மட்டும் இன்னும் உள்ளே பாயில். நான் உட்கார்ந்து பார்த்தேன். பாவ் கன்னங்களைக் காணோம். கை வைத்தால் நகராமல், உம்மென்று, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். எனக்குப் பயம் வந்தது. உங்களுக்கும் வரும். வரட்டும். பயந்துகொண்டே பார்க்கப் பழக வேண்டும்.

அழுதாள், கண்ணீர் வந்தது. உதடு ஈரமாக இருந்தது. காய்ச்சல் இல்லை. தேவி பத்திரமாக எடுத்து வைத்திருந்த பேம்பர்ஸில் இரத்தம் இல்லை. கொக்கித் தராசில் தொங்கவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையைவிட அரைக் கிலோ குறைவு. சிறுநீர் போனதா என்றால் தெரியாது, எல்லாம் கலந்து போகிறது என்றார்கள். இவ்வளவும் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாஷினி மெல்லத் திரும்பி என் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். பாசம் என்று நினைத்தேன். விரலை வாய்க்குள் விட்டு, புதிதாக முளைத்த கடைவாய்ப் பற்களால் கடித்தாள். சப்பவில்லை. மென்றாள்.

டாக்டருக்குப் போன் போட்டேன். நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன், மென்றதையும் சேர்த்து. அவர் சொன்னது இவ்வளவுதான்: நான்கு மணிவரை பாருங்கள். சாப்பிட்டு, வாந்தியில்லாமல் தங்கி, சிறுநீரும் போனால் வீட்டில் இருக்கட்டும். ஒன்று குறைந்தாலும், இல்லை பிள்ளை சோர்ந்தாலும், நேரே ஆஸ்பத்திரி, டிரிப். அப்போது மணி பன்னிரண்டரை.

முருகேசுவைக் காடியை அணைக்கச் சொன்னேன். அவர் அணைத்தார், ஆனால் இறங்கவில்லை. பெல்ட்டும் கழற்றவில்லை.

நாகம்மா அக்கா கஞ்சித் தண்ணீரைக் கொண்டுவந்தார். கிண்ணம் வாசற்படி தாண்டியதுமே யாஷினி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மூக்குவரை மூடினாள். கரண்டியைத் தட்டிவிட்டாள். பசிக்கிறவள் ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாள்? நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன், வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க.

பளபளவென்று இருந்தது அடுப்படி. அப்படி ஒரு அடுப்படியை நான் கண்காட்சியில்கூடப் பார்த்ததில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, தாளித்த கடுகு ஒன்று ஓரமாகக் கிடக்கவில்லை, மிளகாய் நெடி இல்லை. அடுப்பில் ஒரே ஒரு பானை. கஞ்சி. மேசைமேல் நான்கு கிண்ணம்.

"சமைக்கலியா அக்கா?" என்று கேட்டேன்.

"சமைச்சா வாசம் வருமே மிஸி. புள்ள ஏங்கிப் போயிராதா?"

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டில் யாருக்கும் சமையல் கிடையாதாம். குழந்தை பத்தியத்தில் இருக்கும்போது பெரியவர்கள் அதன் கண்முன்னால் மீனும் கறியும் தின்றால் அது என்ன நியாயம் என்று, மொத்தக் குடும்பத்துக்கும் கஞ்சி விதித்துவிட்டார். கருவாடு, நெத்திலி, மத்தி டின், மிளகாய்த்தூள், ஒன்று விடாமல் ஒரு பையில் கட்டிப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா காக் சோமிடம் ஒப்படைத்திருந்தார். பால்கூட நிறுத்திவிட்டார். யார் சொல்லி? அவர் கையை நீட்டினார். ஐஸ்பெட்டிக் கதவு. முருகன் காந்தம். அதன் கீழே என் கொட்டை எழுத்து, என் இரண்டு கோடு, என் சிரிக்கிற முகம்.

வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் வயிறு தண்ணீராகத்தான் போகும். பச்சையாக, சளியாக. இவர்கள் அதைப் பார்த்து 'இன்னும் சரியாகலை' என்று மறுபடி தண்ணீர் கொடுப்பார்கள். அது மறுபடி பச்சையாகப் போகும். படம் எனக்கு வரும். நான் கட்டைவிரலை அனுப்புவேன். ஐந்து நாளாக இந்த ராட்டினத்தைச் சுற்றிவிட்டது நான். யாஷினிக்கு நோய் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது. அதற்குப் பிறகு இருந்தது என் காகிதம்.

பின்னால் வந்து நின்ற தேவிக்கு நான் மனசுக்குள் போட்ட கணக்கு பாதி புரிந்துவிட்டது. அவள் திரும்பிய திசைதான் தவறு.

"புள்ளயப் பட்டினி போட்டிருக்கீங்க, அண்ணி. அஞ்சு நாளா."

நாகம்மா அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஐஸ்பெட்டிக் கதவைப் பார்த்தார். 

இந்த இடத்தில்தான் நீங்கள் நிற்க வேண்டியிருக்கும், தங்கைகளே, ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள். சும்மா இருந்தால் போதும். பழி தானாக இன்னொருவர் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் தள்ளக்கூட வேண்டாம். பெருந்தன்மையாக 'சரி சரி, நடந்தது நடந்துபோச்சு' என்றுகூடச் சொல்லலாம். மிஸிக்குப் பெயர் கெடாது. எனக்கு நாக்கு நுனிவரை அது வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தாளைப் பிய்த்து எடுத்தேன். "தேவி, அக்கா மேல தப்பு இல்ல. இது என் கையெழுத்து. ஆரம்பிக்கச் சொன்னேன், நிறுத்தச் சொல்லல. நீ கேட்டப்பவும் படிக்காம விரல காட்டுனேன். தப்பு என்னோடது."

 பெல்ட்டைக் கழற்றிவிட்டு முருகேசு எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. உண்மை தொற்றும் போலிருக்கிறது. அவர் தொண்டையைச் செருமினார்.

"நானும் ஒண்ணு சொல்லிடுறேன் லா. நான் தெனமும் குருண்ல ரொட்டி சானாய் சாப்புட்டுட்டுத்தான் வர்றேன். வாயக் கழுவிட்டு."

"எத்தன?" என்றாள் தேவி.

"மூணு."

தேவி தலையைக் குனிந்துகொண்டாள். கிலாங் கேன்டீனில் நாசி லெமாக், இரண்டு பொட்டலம், சில நாள் கோழியோடு என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். இத்தனை நாளாக அப்பா வேலையிலிருந்து வந்ததும் குழந்தை அவர் சட்டையை ஏன் விடாமல் மோந்து பார்த்தது, அம்மாவின் விரலை ஏன் சூப்பியது என்பதெல்லாம் அவர்களுக்கு அப்போதுதான் விளங்கியது. நாகம்மா அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்தது அவர் முறை என்பதுபோல் நாங்கள் காத்திருந்தோம். அவர் பானையை மூடி அடுப்பை அணைத்தார்.

சரி, சோறு வையுங்கள், பருப்பு வேகவையுங்கள், முட்டை இருந்தால் உடையுங்கள் என்று சொல்லிக்கொண்டே நான் முன்னறைக்கு வந்தேன்.

பாய் இருந்தது. யாஷினி இல்லை.

துணி மாதிரி கிடந்த குழந்தை. எழுந்திருக்கவே மாட்டேன் என்ற குழந்தை. கட்டிலுக்கு அடியில் தேடினோம். துணிக்கூடையில் தேடினோம். முருகேசு காடிக்கு ஓடி, பின்னிருக்கையில், முன்னிருக்கையில், ஏனோ டாஷ்போர்டைத் திறந்துகூடப் பார்த்தார். தேவி தெருவுக்கு ஓடினாள். பின்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அதன் வழியாக ஜெராய் மலையிலிருந்து இறங்கிய காற்று உள்ளே வந்தது. காற்றோடு அந்த வாசம்.

நெத்திலி.

வேலியில் கோழி போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. ஓட்டையில் ஒரு பேம்பர்ஸ், கழன்று, ஒட்டுப்பட்டை மாட்டிக்கொண்டு, கொடிபோலத் தொங்கியது.

நாங்கள் கேட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினோம். காக் சோமின் அடுப்படி வாசலில் முதலில் போய்ச் சேர்ந்தது நான். தரையில் பாய். பாயில் காக் சோமின் மதியச் சாப்பாடு: சோறு, பொரித்த முட்டை, வெள்ளரித் துண்டு, மொறுமொறுவென்று நெத்திலி. அந்தத் தட்டுக்கு முன்னால், இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல், அரசி மாதிரி உட்கார்ந்திருந்தாள் யாஷினி. இரண்டு கையாலும் அள்ளினாள். வாய்க்குப் போனது பாதி, மடிக்குப் போனது பாதி. மூக்கில் ஒரு சோற்றுப் பருக்கை. எதிரே காக் சோம் சம்மணமிட்டு உட்கார்ந்து, மீனின் தலையைக் கிள்ளி எறிந்து, உடம்பைத் தூளாக நொறுக்கிச் சோற்றில் தூவிக்கொண்டிருந்தார். நல்லவேளை, மிளகாய்ச் சம்பல் கல்லுரலிலேயே இருந்தது. "சாப்பிடு, சாப்பிடு," என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தவர், என்னை நிமிர்ந்து பார்த்து மலாயில் சொன்னார்.

"லாப்பார் லா, மிஸி. லாப்பார் சாஜா."

பசி. வெறும் பசி. நான் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, தராசும் போனும் டாக்டருமாகச் சேர்ந்து போய்த் தட்டிய கதவை, அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே திறந்துவிட்டார்.

பின்னால் வந்தவர்கள் பார்த்தது வேறு. ஐந்து நாள் பத்தியம் காத்த வயிற்றில் எண்ணெயில் பொரித்த நெத்திலி. நாகம்மா அக்கா "அய்யோ மிஸி" என்று தலையில் கை வைத்தார். முருகேசு பாய்ந்தார், வாய்க்குள் விரலை விட்டு எடுத்துவிடலாம் என்று. தேவி அழுதுகொண்டே தட்டைப் பிடுங்க வந்தாள்.

நான் கதவு நிலையில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டேன். யோசித்துச் செய்ததல்ல. 

"விடுங்க. திங்கட்டும்."

"வாந்தி எடுத்தா?" என்றார் முருகேசு.

"எடுத்தா நானே உங்ககூடக் காடியில வர்றேன். இப்ப யாரும் உள்ள வரக் கூடாது."

துணிச்சல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். என் முதுகு வியர்த்து யூனிஃபார்ம் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது தடவையும் தவறாகச் சொல்கிறேனோ என்று உள்ளே ஒரு ஊசி குத்திக்கொண்டே இருந்தது. ஒருமுறை தவறியவளுக்கு அடுத்த முடிவை எடுக்கக் கை வராது. எதையும் முடிவு செய்யாமல் எல்லாவற்றையும் மேலே அனுப்பிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்தக் குழந்தை மென்றுகொண்டிருந்தது. நான் பார்த்தது கண்ணீர், ஈர உதடு, காய்ச்சலில்லாத நெற்றி, இப்போது அசைகிற தாடை. பார்த்ததை நம்பினேன். பயத்தை நம்பவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. பத்துப் பன்னிரண்டு வாய் ஆனதும் தட்டை நானே மெல்ல விலக்கினேன். வெறும் வயிறு, கொஞ்சம் கொஞ்சமாகப் போகட்டும் என்று. அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வாழ்நாளில் என்னை அவ்வளவு கேவலமாக யாரும் பார்த்ததில்லை.

பிறகு காத்திருந்தோம். ஐந்து பெரியவர்கள் காக் சோமின் முன்கூடத்தில் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து, நடுவில் கிடந்த ஒரு பொடியின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உலகக் கோப்பைக்குக்கூட முருகேசு அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார். ஒரு மணி. யாஷினி ஏப்பம் விட்டாள். நாங்கள் ஐவரும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தோம். ஒன்றும் வரவில்லை, பின்னால் சாய்ந்தோம். ஒன்றே கால். விக்கல். முன்னால் சாய்ந்தோம். பின்னால் சாய்ந்தோம். ஒன்றரைக்கு இரண்டு கரண்டி உப்புத்தண்ணீர், பிறகு இரண்டு, பிறகு இரண்டு. கஞ்சி இல்லை என்று நிச்சயமானதும் சமர்த்தாகக் குடித்தாள். இரண்டு மணிக்கு எழுந்து காக் சோமின் பூனையைத் துரத்தினாள். அந்த வீட்டுப் பூனை அதுவரை யாருக்கும் வழி விட்டதில்லையாம்; அன்று மேசைக்கு மேலே ஏறிக்கொண்டது.

இரண்டே முக்கால். தங்கிவிட்டது. ஆனால் டாக்டர் கேட்ட மூன்றில் மூன்றாவது இன்னும் வரவில்லை. கடிகாரம் என்னைப் பார்த்தது, நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தேவி உதட்டைக் கடித்தாள். முருகேசு சாவியை உருட்டினார். நான் யாஷினியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்த பாட்டைப் பாடினேன். எனக்குப் பாட வராது. அதனாலோ என்னவோ, அவள் ஒரு கணம் அசையாமல் என் முகத்தையே பார்த்தாள்.

வெதுவெதுப்பாக உணர்ந்தேன். மடியில் தொடங்கி, முழங்கால் வழியாக, காலுறை வரை. நிற்கவே இல்லை. தெளிந்த, தாராளமான, வெள்ளை யூனிஃபார்மில் ஆறு மாதிரி பாய்ந்த மூத்திரம்.

"போயிருச்சு" என்றேன்.  மறுபடி சொன்னேன்.

முருகேசு கை தட்டினார். ஆமாம், எழுந்து நின்று கை தட்டினார். தேவி சிரித்தாள், அழுதாள், எதில் ஆரம்பித்து எதில் முடித்தாள் என்று சொல்ல முடியாது. காக் சோம் என் காலைத் துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு வந்து, துடைக்க முடியாமல் சிரித்துச் சிரித்து வாசல் தூணில் சாய்ந்துகொண்டார். யாஷினி எல்லோரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, தானும் கை தட்டினாள். இவ்வளவு பெரிய பாராட்டு ஒரு மூத்திரத்துக்குக் கிடைக்கும் என்று அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தால் பன்னிரண்டரைக்கே போயிருப்பாள்.

அந்த நெத்திலி வேறு யாருடையதும் இல்லை. ஏங்கிப் போய்விடக் கூடாதென்று நாகம்மா அக்கா கட்டிக்கொடுத்த பையிலிருந்து எடுத்தது. நமத்துப்போகும் முன் பொரித்துவிடலாமே என்று காக் சோம் அன்றைக்குத்தான் பிரித்தாராம்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் திறந்ததும் எங்கள் மூத்த சிஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பெயர் வேண்டாம், இப்போது படித்தாலும் கோபித்துக்கொள்வார். அவர் திட்டவில்லை. கைப்பேசியை வாங்கி மூன்று கட்டைவிரலையும் வரிசையாகப் பார்த்தார். பிள்ளையின் எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்டார். அரைக் கிலோ என்றேன். "அப்ப ஒன் கட்டைவெரலு அரைக் கிலோ இருக்கு" என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கு அப்புறம் ஓய்வு பெறும்வரை நான் யாருக்கும் விரல் படம் அனுப்பியதில்லை. எதைத் தொடங்கச் சொன்னாலும், எதைப் பார்த்தால் நிறுத்தலாம் என்று அதே மூச்சில் சொல்வேன். சொன்னதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்ல வைப்பேன். சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வியாழன் மூன்றரைக்குத் திரும்புகிறேன். டாக்டரிடம் பேசிவிட்டு, அதே தாளின் முன்பக்கம், கிழமைகளுக்கு மேலேயே, புதிதாக எழுதிக் கொடுத்தேன். பசித்தால் சோறு, பருப்பு, முட்டை, மீன், வாழைப்பழம், பால், வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதில் காரம் குறைத்து. தண்ணீராகப் போனால் ஒவ்வொரு தடவைக்கும் உப்புத்தண்ணீர். இரத்தம் கண்டால், விடாமல் வாந்தி எடுத்தால், கண் குழிந்தால், சிறுநீர் நின்றால், எழுப்பியும் எழும்பாவிட்டால் யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரி. நன்றாக உருண்டு விளையாடுகிறாள் என்றால் இந்தத் தாளைக் கிழித்துப்போடலாம். இந்தத் தடவை முகம் வரையவில்லை. தேவியும் முருகேசுவும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒப்பித்தார்கள்.

தேவி நாகம்மா அக்காவின் கையைப் பிடித்து என்னவோ மெதுவாகச் சொன்னாள். நான் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. முருகேசு சோறு வைத்தார். லாரிக்காரர் அரிசி களைந்ததை அந்த வீட்டுச் சுவர்களே அன்றுதான் பார்த்திருக்கும். ஐந்து நாளைக்குப் பிறகு கடுகு வெடித்தது. யாஷினி அடுப்படி வாசலில் தரையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இரண்டாவது பந்திக்கு.

காக் சோமின் சாரோங் ஒன்றைக் கட்டிக்கொண்டு, நனைந்த யூனிஃபார்மைப் பையில் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினேன். உடம்பு காற்றாக இருந்தது. செம்பனை மரங்களெல்லாம் கூடத் தலையை விரித்துப்போட்டு ஆடுவதுபோல் தோன்றியது. ஸ்டார்ட் செய்துவிட்டேன். யாரோ கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வருகிற சத்தம். நாகம்மா அக்கா. கையில் அந்தத் தாள். மூச்சு வாங்கியது. சேலை இடுப்பில் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தது. தோள் எலும்பு தெரிந்தது. கண்ணுக்குக் கீழே நிழல். மத்தியானத்திலிருந்து பக்கத்திலேயே நின்றவரை நான் அப்போதுதான் பார்த்தேன்.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம். வீட்டுக்குள்ளே முருகேசு முட்டையை அடிக்கிற சத்தம் கேட்டது. அக்கா யாருக்கும் கேட்காதபடி என் பக்கம் குனிந்தார். அந்த வீட்டில் காகிதத்தை முழுதாக மதித்தவர் அவர் ஒருவர்தான். கேட்கும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"புள்ளைக்கு நிறுத்தியாச்சு. நானும் சாப்புடலாமா, மிஸி?"